வேலையை விடுவதா, வார்டை விடுவதா?

எட்டுப் பத்து வருடம் வார்டில் நின்ற ஒரு செவிலியர், "இனி என்னால முடியல, இந்த வேலையே வேண்டாம்" என்று வீட்டில் சொன்னால் இரண்டு பதில்கள் உடனே வரும். "கடன் வாங்கிப் படிச்ச படிப்பாச்சே" என்பது ஒன்று. "வெளிநாட்டுக்கு முயற்சி பண்ணிப் பாரேன்" என்பது இன்னொன்று. எந்த வேலையை வேண்டாம் என்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். செவிலியம் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் எது தன்னைத் தின்கிறது, எது இத்தனை வருடம் தன்னைப் பிடித்து வைத்திருந்தது என்று பிரித்துப் பார்க்காமல் ராஜினாமா எழுதினால், போகும் இடத்திலும் அதே அலுப்பு காத்திருக்கும்.

ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் இரவு டூட்டியை எடுத்துக்கொள்வோம். மாலை 7 மணிக்கு ஹேண்டோவர். பகல் டூட்டி முடிப்பவர் கட்டில் கட்டிலாக நின்று சொல்லிக்கொண்டே வருவார்: இவருக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, இவருக்கு 10 மணிக்கு இன்னொரு டோஸ், இவருடைய மகன் கோபக்காரர், பார்த்துப் பேசுங்கள். அதன்பின் விடியும் வரை வார்டு இவர் கையில். ஊசி போடுவது, டிரிப் மாற்றுவது, அடைத்துக்கொண்ட வென்ஃப்ளானை எடுத்துவிட்டு வேறு நரம்பு தேடுவது, பிரஷரும் சர்க்கரையும் பார்த்து எழுதுவது எல்லாம் அவர் படித்துப் பழகிய வேலை. அதே இரவில் மருந்து இண்டென்ட் எழுதுகிறார், போர்வை எண்ணுகிறார், ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் தேடுகிறார், ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே என்று நாலு இடத்துக்குப் போன் செய்கிறார், கூட இருப்பவர்களிடம் திட்டும் வாங்குகிறார். அதிகாலை 3 மணிக்கு ஓரக் கட்டிலில் இருக்கும் பெரியவரின் மூச்சு கொஞ்சம் வேகமாகியிருப்பதையும் பேச்சு குழறுவதையும் கவனித்து, டூட்டி டாக்டரை எழுப்பி வரவழைக்கிறார். பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போவார். அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த 3 மணிக் கவனிப்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

"வேண்டாம்" என்று அவர் சொல்வது இதில் எதை? பெரும்பாலும் போர்வை எண்ணுவதையும், திட்டு வாங்குவதையும், அந்த ஒரு வரி இல்லாமல் போவதையும்தான். மூச்சு மாறியதைக் கண்டுபிடித்த கணத்தை வேண்டாம் என்று சொன்ன செவிலியரை நான் கண்டதில்லை.

இந்தப் பிளவை ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். செவிலியர்கள் ஏன் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்ற கேள்வியோடு அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். கல்லூரியில் கற்ற செவிலியமும் மருத்துவமனை எதிர்பார்க்கும் செவிலியமும் மோதும் இடத்தில் புதியவர்கள் உடைந்துபோகிறார்கள் என்பது அவர் கண்டது. ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984-இல் இன்னொன்றைச் சுட்டினார். நோயாளிக்குச் செய்ய வேண்டியது என்ன என்று செவிலியருக்குத் தெரிகிறது, ஆனால் நிர்வாகமும் அதிகார அடுக்கும் அதைச் செய்ய விடுவதில்லை. அப்போது வரும் மனசாட்சித் தவிப்பு வெறும் களைப்பிலிருந்து வேறுபட்டது. களைப்பு ஒரு நாள் ஆஃப் எடுத்தால் தீரும். இது தீராது, சில சமயம் ஆஃப் எடுத்த நாளில்தான் அதிகமாக வாட்டும்.

பணிச்சோர்வு ஆய்வில் முன்னோடியான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் அவருடைய சகா மைக்கேல் லைட்டரும், மனிதருக்கும் வேலைக்கும் பொருந்தாமல் போகும் இடங்களை ஆறாக வகுத்தார்கள்: வேலைப்பளு, தன் வேலையின் மேல் தனக்குள்ள அதிகாரம், கிடைக்கும் ஊதியமும் மதிப்பும், உடன் வேலை செய்பவர்கள், நியாயம், மதிப்பீடுகள். தன் நிலையை ஆராய நினைக்கும் செவிலியருக்கு இதைவிடப் பயனுள்ள பட்டியல் இல்லை என்பது என் கருத்து. சோர்வுக்குக் காரணம் ஆளின் பலவீனம் என்ற பழியை இது முதல் அடியிலேயே விலக்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், பணியிடத்தோடு சேர்ந்து வரும் நிகழ்வு என்றே தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. யோகா வகுப்பும் ஊக்கப் பேச்சும் நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆறில் முதலாவதான பளுவைப் பற்றி மிகத் தெளிவான எண்கள் இருக்கின்றன. லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை அவற்றைத் தருகிறது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அந்தச் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் சாத்தியம் 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி அடையும் சாத்தியம் 15 சதவீதமும் கூடின. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியமும் 7 சதவீதம் கூடியது. கலிபோர்னியா மாநிலம் 2004 முதல் சட்டத்தின் மூலமே செவிலியர் விகிதத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறி, போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று சொல்கிறது. எந்த அரசு மருத்துவமனை வார்டுக்குள்ளும் போய் எண்ணிப் பாருங்கள். பளு ஒன்றுதான் பிரச்சினை என்றால் அந்தச் செவிலியர் தொழிலுக்குப் பொருந்தாதவர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆட்கள் நியமிக்கப்படவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாடு தெரியாமல் தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்ளும் இளம் செவிலியர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இன்னொரு காரணம் நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. அதனாலேயே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செவிலிய ஆய்வாளர் பாட்ரீசியா பென்னர் 1984-இல் எழுதிய நூலில், செவிலியரின் திறன் புதியவரிலிருந்து வல்லுநர் வரை ஐந்து நிலைகளில் வளர்கிறது என்று காட்டினார். அந்தத் திறன் அனுபவத்தோடு ஒட்டியது, அனுபவமோ ஒரு வகை நோயாளிகளோடு ஒட்டியது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவர், இன்குபேட்டருக்குள் படுத்திருக்கும் குழந்தையின் நிறத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்பார். மானிட்டர் சத்தம் போடுவது அதற்குப் பிறகுதான். அவரை எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றினால் மறுநாள் காலை அவர் மறுபடி புதியவர். டிராக்‌ஷன் எடையைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறார், தன்னைவிட இளையவரிடம் கேட்டுச் செய்கிறார். தவறில்லை, கற்றுக்கொள்வார். ஆனால் மூன்று வருடம் கழித்து அங்கிருந்தும் மாற்றுகிறார்கள்.

இந்தச் சுழற்சிக்கு நிர்வாகத் தரப்பில் காரணம் உண்டு. எல்லோரும் எல்லா வேலையும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், யாரும் ஓரிடத்தில் வேர்விட்டு அதிகாரம் பண்ணக்கூடாது, கடினமான வார்டின் சுமையைச் சமமாகப் பகிர வேண்டும். கடைசிக் காரணம் நியாயமானதும்கூட. ஆனால் விலை பெரிது. பத்து வருட அனுபவம் என்று தாளில் இருப்பது, உண்மையில் இரண்டிரண்டு வருட அனுபவங்கள் ஐந்தாக நின்றுவிடுகிறது. தேங்கி நிற்கிறோம் என்று செவிலியர்கள் சொல்வதன் பெரும்பகுதி இதுதான் என்று நம்புகிறேன். அவர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனால் எதிலும் ஆழமாக இறங்க முடிவதில்லை. சிறப்புப் பிரிவுகளுக்கு ஓராண்டு டிப்ளமா படிப்புகளை இந்திய செவிலியர் கவுன்சிலே அங்கீகரித்திருக்கிறது. தீவிர சிகிச்சை, புற்றுநோய், மனநலம், பச்சிளங்குழந்தை என்று பல. சொந்தக் காசில் படித்துத் திரும்புபவர், படித்த பிரிவிலேயே நியமிக்கப்படுவார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

இதற்கு நேர்மாறான கேள்வியை அமெரிக்க செவிலியர் அகாதமி 1980-களின் தொடக்கத்தில் கேட்டது. செவிலியர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டு அலுத்த நேரம் அது. சில மருத்துவமனைகளில் மட்டும் ஏன் தங்கிவிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். 163 மருத்துவமனைகளைப் பரிசீலித்து, அவற்றில் 41 செவிலியர்களைக் காந்தம்போல் ஈர்த்து வைத்திருப்பதாக 1983-இல் அறிவித்தார்கள். தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை, மருத்துவர்களோடு சமமான பேச்சு, வார்டில் வந்து நிற்கும் நர்சிங் தலைமை, மேலே படிக்க வழி ஆகியவை அங்கே பொதுவாக இருந்தன.

பொருந்தும் இடம் தேடிப் போனவர்களில் இரண்டு பேரின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெற்ற சிசிலி சாண்டர்ஸுக்கு முதுகுவலியால் வார்டு வேலையை விட நேர்ந்தது. மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறினார். இறக்கும் நிலையில் இருந்தவர்களின் வலியை யாரும் பொருட்படுத்தாததை அங்கிருந்து கண்டார், பிறகு மருத்துவமே படித்தார். 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்தான் இன்றைய நோய் ஆதரவு சிகிச்சைக்கு அடித்தளம். இன்னொருவர் நெதர்லாந்தின் யோஸ் டி பிளாக். வீடு வீடாகப் போய்ச் செவிலியம் செய்தவர் அவர். அந்த வேலை நிமிடக் கணக்கில் துண்டாடப்பட்டு, ஒருவர் குளிப்பாட்ட, வேறொருவர் ஊசி போட என்று ஆனபோது வெளியேறி, 2006-இல் பூர்ட்சோர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர், மேற்பார்வையாளர் இல்லை, நோயாளியின் முழுத் தேவையையும் குழுவே முடிவு செய்யும். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் அதில் வந்து சேர்ந்தார்கள். இருவருமே நோயாளியை விட்டு விலகவில்லை. நோயாளியிடம் போவதற்கு வேறு வழி கண்டார்கள்.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி மற்றும் நோய் ஆதரவு சங்கம், செவிலியர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யும் பணியை நடுவில் வைத்து வளர்ந்தது. கேரள அரசு 2008-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் ஆதரவு செவிலியர் பணி உண்டு. அவர் போகும் வீட்டில், பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் படுத்திருப்பவர் இருப்பார். இடுப்பெலும்பு மேல் படுக்கைப் புண். செவிலியர் அதைக் கழுவி, செத்த தோலை நீக்கி, டிரெஸ்ஸிங் போடுகிறார். மூத்திரக் குழாய் மாற்றுகிறார். பிறகு மருமகளை அருகில் உட்காரவைத்து, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா இப்படித் திருப்பிப் போடும்மா, முதுகுக்குத் தலகாணி குடு" என்று கையைப் பிடித்துக் காட்டுகிறார். அடுத்த வாரம் வரும்போது புண்ணின் உள்ளே சிவந்த புதுச் சதை வளரத் தொடங்கியிருந்தால் அது ஆறுவதற்கான அடையாளம். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பவரும் அதற்குக் காரணமானவரும் ஒரே ஆள். நாற்பது கட்டில் வார்டில் கிடைக்காத நிறைவு இது. ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. அவசரத்திலும் வேகத்திலும் உயிர் பெறும் செவிலியர்கள் உண்டு. அவர்களை இங்கே போட்டால் ஆறு மாதத்தில் வாடிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர்கள் அதிகம் நினைத்துப் பார்க்காத ஒரு பணி, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பணி. இறந்தவர் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு 2008 முதலே நாட்டுக்கு முன்னோடி. 2014-இன் உறுப்பு மாற்று விதிகள் இந்தப் பணிக்குச் செவிலியரைத் தகுதியானவராகவே ஏற்கின்றன. மூளைச்சாவை உறுதிசெய்யும் பரிசோதனையை ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் விபத்தில் மகனை இழந்த குடும்பத்தோடு உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குவது வென்டிலேட்டரால்தான் என்பதை அவர்களுக்குப் புரியும்படி, அவசரப்படுத்தாமல் சொல்லத் தெரிய வேண்டும். குடும்பம் சம்மதித்தால் அடுத்த நிமிடத்திலிருந்து ஓட்டம்: உறுப்பு மாற்று ஆணையத்துக்குத் தகவல், ஆய்வக மாதிரிகள், அறுவை அரங்கு, காவல்துறைச் சான்றுகள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் குடும்பங்களோடு பேசிப் பழகிய செவிலியருக்கு இந்த இரண்டு பாதியும் ஏற்கெனவே கைவந்தவை.

பிரசவ அறையை நேசிப்பவர்களுக்கு, மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மருத்துவச்சி சேவை வழிகாட்டுதல் 18 மாத செவிலிய மருத்துவச்சிப் பயிற்சியை முன்வைத்தது. தெலங்கானாவில் அது செயலுக்கும் வந்திருக்கிறது. கிராம அளவில் துணை சுகாதார நிலையங்களை நடத்தும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலையும் செவிலியர்களுக்குத் திறந்திருக்கிறது. தொற்றுக் கட்டுப்பாடு, தரக் கண்காணிப்பு, நர்சிங் கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவை பலருக்கும் தெரிந்தவையே. வேலூர் சி.எம்.சி. 1946-இலேயே செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கிய இடம். அதன் செவிலியர் கல்லூரி சுற்றுவட்டார ஊர்களில் சமூக நலப் பணியைத் தானே நடத்துகிறது. செவிலியர்களே ஒரு சேவையைத் திட்டமிட்டு நடத்த முடியும் என்பதற்கு வேறு சான்று தேடத் தேவையில்லை.

இத்தனை வழிகள் இருந்தும் பெரும்பாலோர் வெளிநாட்டை மட்டுமே நினைப்பதற்குக் காரணம் பணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கிடைத்தது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு இருந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து போராடினார்கள். கோவிட் காலத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 2,400-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. தனியார் துறைக்காக உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016-இலேயே பரிந்துரை தந்துவிட்டது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200-க்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்தப் பரிந்துரை எத்தனை சம்பளப் பட்டியல்களில் ஏறியது என்பதைத் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களைக் கேட்டாலே தெரியும்.

ஆகவே வெளிநாடு போகிறவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போகட்டும். பிரிட்டனில் ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வில் தேறும்வரை நான்காம் நிலை ஊதியம், தேறியபின் ஐந்தாம் நிலை. அது அங்கே கல்லூரி முடித்து வரும் புதிய செவிலியரின் நிலை. பன்னிரண்டு வருடம் ஐ.சி.யூ. நடத்தியவரும் பொதுவாக அங்கிருந்துதான் தொடங்குகிறார். கடன் அடைபடும், குழந்தைகள் படிக்கும். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் இங்கே வாட்டியது அதிகாரமின்மையும் மதிப்பின்மையும் என்றால் அங்கேயும் சில வருடம் அவை கூடவே வரும். வளைகுடா போன்ற, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குப் போகிறவர்கள் தனியார் தரகர்களிடம் சிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது, செவிலியர்களை அனுப்ப அதிகாரம் பெற்ற அமைப்புகளில் அதுவும் ஒன்று.

முடிவெடுக்கும் முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவு இல்லாதது. ஒரு மாதம், டூட்டி முடிந்து போகும் பஸ்ஸில், அன்று நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தது எது என்று இரண்டு வரி எழுதிவைப்பது. மாத முடிவில் அந்தத் தாள், மாஸ்லாக் சொன்ன ஆறில் எந்த இடம் வலிக்கிறது என்று காட்டிவிடும். உடன் வேலை செய்பவர்களும் நியாயமின்மையும்தான் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் வேறு மருத்துவமனை போதும், வேறு தொழில் வேண்டாம். நோயாளியைத் தொடும் வேலைகளே அந்தத் தாளில் கசப்பாக நிற்கின்றன என்றால் அதை மதிக்க வேண்டும், செவிலியத்தை விட்டு வெளியேறுவதும் மரியாதையான முடிவுதான். தூக்கம் போய், அழுகை அடக்க முடியாமல், மனம் முழுக்க இருண்டு கிடந்தால் அந்த மாதம் தாளை மூடிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் எந்த வேலையும் பொருந்தாததாகவே தெரியும்.

ஆனால் தனி மனிதர் தாளில் எழுதிக் கண்டுபிடித்ததை ஏற்றுக்கொள்ள அமைப்பில் இடம் வேண்டும். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பை இந்திய செவிலியர் கவுன்சில் 2016-17-இல் கொண்டுவந்தது. இரண்டு வருடம் வார்டிலேயே இருந்து படிக்க வேண்டிய கடினமான படிப்பு. முடித்தவருக்கென்று பெரும்பாலான மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் தனிப் பணியிடம் உருவாக்கப்படவில்லை. பழைய ஸ்டாஃப் நர்ஸ் வருகைப் பதிவேட்டிலேயே அவரும் கையெழுத்துப் போடுகிறார். நோய் ஆதரவு செவிலியரும் இடைநிலை சுகாதாரப் பணியாளரும் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். தனக்கு மிகப் பொருத்தமான வேலை என்று தெரிந்தும் நிரந்தரப் பணி கிடைத்ததும் வார்டுக்குத் திரும்பிவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா? அரசுச் செவிலியர்களின் இடமாறுதல் கலந்தாய்வு இன்று பெரும்பாலும் ஊரையும் காலியிடத்தையும் சுற்றியே நடக்கிறது. விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கலாம்: இதுவரை எந்தப் பிரிவில் எத்தனை வருடம், இனி எந்தப் பிரிவில் இருக்க விருப்பம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவரை இன்னும் நாலு வருடம் அங்கேயே விட்டுவைக்க, புதுச் சட்டமோ புது நிதியோ வேண்டியதில்லை. கலந்தாய்வு நடத்தும் அலுவலகம் படிவத்தை மாற்றினால் போதும்.